ஏழரை கிராம் ஈரல்: ஆய்க்குடிச் சைவ வீட்டு நாயின் பச்சை மாமிசப் பிரவேசம் குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட உயிர், ஆய்க்குடியில் சைவச் சமையல் மட்டுமே நடக்கும் ஒரு வீட்டின் திண்ணையில் வசிக்கும் வெள்ளை நாய். எடை ஆறு கிலோ. ஊரார் அதைப் பொமரேனியன் என்பர். பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவை அதன் முப்பாட்டன்கூடப் பார்த்ததில்லை. இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகையைத்தான் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பொமரேனியன் என்று அழைத்துவருகிறோம். நாயின் பெயர், இம்மரபில் வழங்கும் ஜிம்மி, டாமி, மணி ஆகிய மூன்றில் ஒன்று. எது என்பது ஆய்வு முடிவைப் பாதிக்காது. குட்டியாக வந்தது முதல் அது உண்டது தயிர்சாதம், மாலையில் மேரி பிஸ்கட். சாரல் பருவத்துக்குக் குற்றாலத்தில் குளிக்க வந்த பெங்களூர்ப் பேரன், இது ஓநாயின் வழித்தோன்றலுக்கு இழைக்கப்படும் அநீதி என்று அறிவித்ததில்தான் ஆய்வுச் சிக்கல் தொடங்குகிறது.

களத்தின் தகுதியைப் பற்றி ஐயம் வேண்டியதில்லை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய் அண்டிரனின் ஊர் இதுவே என்று கொள்வர். பொதியமலைப் பக்கத்தை ஆண்ட அவன், பாடி வந்தவர்க்கு யானைகளைக் கொடுத்தே பேர் வாங்கியவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அந்தக் கொடையைப் புறநானூற்றில் பாடி வைத்திருக்கிறார். யானையைப் பெற்றுப் போன பாணன் அதற்குத் தீனிக்கு என்ன செய்தான் என்று தமிழாய்வு உலகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பரிசில் மரபில் கொடுப்பதோடு கடமை முடிந்தது. அதே ஊரில் இன்று ஒரு ஸ்பிட்ஸுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்ற விவாதம் எழுந்திருப்பது, விலங்கு வளர்ப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைக் காட்டும்.

பேரன் தரப்பின் மூலநூல், ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் வெளியிட்டது. நாய்க்கு எலும்பைக் கொடு என்பதே அதன் தலைப்பு. அவர் மறுக்க எடுத்துக்கொண்ட பூர்வபட்சம், டப்பாவிலும் பையிலும் அடைத்த தீவனம். அந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். இடிதாங்கி விற்க லண்டனுக்குப் போனவர், துறைமுகத்தில் கப்பல்காரர்கள் எறிந்த காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் பாய்ந்து தின்பதைக் கண்டு, 1860 வாக்கில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார் என்பது கதை. இடிக்கும் பசிக்கும் ஒரே கடையில் பரிகாரம்! இவ்விரு கட்சிகளுக்கும் தெரியாமலே வளர்ந்த மூன்றாம் சித்தாந்தம் தயிர்சாதம். இதற்கு ஆசிரியர் இல்லை, வெளியீட்டு ஆண்டு இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் பின்பற்றுவோர் தெருவுக்குத் தெரு உண்டு.

இனிக் கணக்கு. பச்சை உணவுக்காரர்கள் வழங்கும் சூத்திரப்படி, வளர்ந்த நாய்க்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு உணவு. ஆறு கிலோ நாய்க்கு நடுவாக 150 கிராம். அதில் 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு. உள்ளுறுப்பிலும் பாதி ஈரல். ஆக 120 கிராம் சதை, 15 கிராம் எலும்பு, ஈரல் மட்டும் ஏழரை கிராம். ஒரு பவுனுக்கு அரை கிராம் குறைவு. இதைக் கோழிக்கடையில் கேட்டபோது, கடைக்காரர், "என்ன தம்பி, எறும்பு வளக்கியளா?" என்று வினவியதாகக் களக்குறிப்பு. கால் கிலோவுக்குக் கீழே நிறுப்பதில்லை என்பது அவர் கட்சி. நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வீட்டுக்கு வந்தது. அதன் முன் உட்கார்ந்து பேரன் அளவைச் சத்தமாகச் சொன்ன கணத்தில் ஆச்சி ஆய்வுக்குள் பிரவேசித்தார்.

"ஏழரையா? ஏல, ஏழரைய நீயே தராசுல நிறுத்து வீட்டுக்குள்ள கொண்டாரியா?"

"ஆச்சி, இது கிராம் கணக்கு."

"கிராமோ வருசமோ, பிடிச்சா விடாதுலே."

இனி நூற்சான்று. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கையும் ஒரே நூற்பாவில் நிறுத்தி, நான்கின் குட்டிகளையும் குருளை என்கிறார். அடுத்த நூற்பாவில் நரியையும் இந்தப் பந்தியில் உட்காரவைக்கிறார். புலியோடு வைத்ததால் நாய்க்குப் பச்சை மாமிசமே உரியது என்று பேரன் தரப்பு சாதிக்கலாம். முயலோடும் வைத்திருப்பதைக் காட்டி, அப்படியானால் கீரை போடுங்கள் என்று எதிர்த்தரப்பு மடக்கலாம். நூற்பாவில் நாய்க்கு அடுத்த இடத்தில் நிற்பது புலியுமன்று, முயலுமன்று, பன்றி. ஊருக்குள் மனிதன் மிச்சம் வைத்ததையெல்லாம் தின்று பிழைக்கும் பன்றி. இந்த இருக்கை வரிசை தற்செயலானது என்று கொள்ள இவ்வாய்வாளர் தயாராக இல்லை.

இதே இருக்கை வரிசைக்கு 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து வேறொரு சான்று கிடைத்தது. எரிக் ஆக்செல்சன் குழுவினர் 12 ஓநாய்களின் மரபணுக்களையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினர். மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை. மனிதன் தானியம் விளைவித்து, தின்று, மீந்ததை எறியத் தொடங்கியபோது, அதைச் செரிக்கத் தெரிந்த நாயே அவனோடு தங்கிப் பெருகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே ஓநாய் இருப்பது பேரனின் போன் திரையில். திண்ணையில் படுத்திருப்பது சோற்று நாய். முருகனுக்கே படிப்பாயசம் நேர்ந்துகொள்கிற, வயலும் அரிசியுமான ஊரில் இது வியப்பன்று.

ஆச்சி தரப்பு இதைக் கேட்டு மகிழ வேண்டியதில்லை. அரிசியைச் செரிக்க முடியும் என்பது ஒன்று, அரிசியே போதும் என்பது வேறு. அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான். வளர்ந்த நாயின் தீவனத்தில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், குறைந்தது 18 பங்கு புரதம் வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். தயிர் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதும் கட்டாது. போதாக்குறைக்கு, வெறும் தயிர்சாதம் பாவம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஊற்றப்பட்டுவந்த சின்ன வெங்காயச் சாம்பார் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாயின் அளவு சிறுக்கச் சிறுக்க, கேடு செய்யப் போதுமான வெங்காயத்தின் அளவும் சிறுக்கும். ஒருவர் நாயைக் காட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார், மற்றவர் அதற்குத் தீட்சை கொடுத்துவிட்டார். இரண்டையும் அது கேட்கவில்லை.

உணவை எப்படி மாற்றுவது என்பதிலும் சம்பிரதாய பேதம் உண்டு. பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி ஏழு முதல் பத்து நாளில் மாற்றுவோர் ஒரு சாரார். ஒரே வேளையில் வெட்டி மாற்றுவோர் மறுசாரார்; சோற்றையும் பச்சை மாமிசத்தையும் ஒரு தட்டில் சேர்ப்பதே அவர்களுக்கு அபசாரம். வைணவத்தில் குரங்குக்கு ஒரு நியாயம், பூனைக்கு ஒரு நியாயம் வகுத்தவர்கள் நாயை விட்டுவிட்டது இவ்விடத்தில் இடைஞ்சலாகிறது.

எந்தச் சாராராயினும் மாமிசத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியைத் தப்ப முடியாது. வீட்டில் ஒரே ஃப்ரிட்ஜ். மேலே கோழி, கீழே நாளைய சொதிக்கான தேங்காய்ப்பால். "அந்தப் பொட்டிய இனி நான் தொடமாட்டேன்" என்றார் ஆச்சி. உறைநிலையில் சால்மோனெல்லாக் கிருமி சாவதில்லை, உறங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகிற நாளில் அது எழுந்துகொள்ளும். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே கிருமி அதன் எச்சிலிலும் மலத்திலும் வெளியேறி, வீட்டின் முதியவரையும் கைக்குழந்தையையும் தேடிவரலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் பச்சை மாமிச உணவை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கை வகுத்தது இதனால்தான்.

ஆட்டு ஈரலில் இன்னொரு வில்லங்கம். அதிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகக் கிடக்கும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழு, பச்சையாகத் தின்ற நாயின் குடலில் வளர்ந்து, மலத்தோடு முட்டையை வெளியேற்றி, அது மனிதன் வயிற்றுக்குப் போனால் அவன் ஈரலிலேயே கட்டியாகும். கறிக்கடை வாசலில் நாய்க்கு வீசப்படும் உறுப்புகள் இந்த வட்டத்தைச் சுற்றவைக்கின்றன. வேகவைத்த எலும்பு இதற்கு மாற்றாகாது. பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையிலிருந்து பாசத்தோடு பொட்டலம் கட்டிவரும் கோழி எலும்பு, கடித்தால் சிலாம்பு சிலாம்பாகத் தெறித்துத் தொண்டையையும் குடலையும் கிழிக்கும். பச்சை எலும்பு அவ்வளவு எளிதில் சிலாம்பாகாது என்பது பேரன் கட்சியில் ஒத்துக்கொள்ளத்தக்க ஒரே வாதம். ஆனால் சின்ன நாயின் தொண்டைக்கு அதுவும் அடைப்புத்தான்.

பரிசோதனை இவ்வாறு நடந்தது. தயிர்சாதத்தின் நடுவே பச்சைக் கோழிக்கழுத்து ஒன்று வைக்கப்பட்டது. நாய் அதைச் சுற்றியிருந்த சாதம் முழுவதையும் நக்கி முடித்தது. பிறகு கழுத்தை மெல்லக் கவ்விக்கொண்டு போய், முற்றத்துச் செம்பருத்தியடியில் குழி பறித்துப் புதைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடியது. இரையைப் பதுக்குவது ஓநாய்க்குலத்தின் தொல்லியல்பு, ஆகவே தன் கருதுகோள் நிரூபணமாயிற்று என்றான் பேரன். ஆச்சியின் விளக்கம் வேறு: "பாத்தியாலே, அதுக்கே மனசு கேக்கல. அடக்கம் பண்ணிட்டு." ஒரே தரவு இரு முரண்பட்ட முடிவுகளை இவ்வளவு சுத்தமாகத் தாங்கியதை இவ்வாய்வாளர் வேறெங்கும் கண்டதில்லை. அன்றிரவே பக்கத்து வீட்டுப் பூனை சமாதியைத் தோண்டியது தனிக் கட்டுரைக்கு உரியது.

கால்நடை மருத்துவர் சொன்னது சுருக்கமானது: உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழிச்சதை, கொஞ்சம் சோறு, எலும்பு போடாததால் சுண்ணாம்புச்சத்துக்கு மருந்து, தவறாமல் பூச்சி மருந்து. கோழிச்சதை என்ற சொல்லுக்கு ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். பேச்சுவார்த்தை முட்டையில் வந்து நின்றது. அதைப் பச்சையாக உடைத்து ஊற்றலாம் என்றான் பேரன், விடாமல். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அவித்த முட்டை என்று முடிவாயிற்று. அவிக்கும் இடம் புறவாசல், அவிக்கும் ஆள் பேரன். அவன் லீவு முடிந்து பெங்களூருக்கு ரயிலேறிய பிறகு அவிக்கப்போவது யார் என்பதை அடுத்து வரும் ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறோம்.