பேயின் தாய்மொழி

1993-இல் மலையாளத்தில் பிறந்த 'மணிச்சித்ரதாழு' படத்தில் நாயகியைப் பேயாய்ப் பிடித்த நர்த்தகி தமிழச்சியாகவும், அக்கதையே 2005-இல் 'சந்திரமுகி'யாய்த் தமிழுக்கு வந்தபோது தெலுங்குக்காரியாகவும், 2007-இல் இந்திக்கு ஏகியபோது வங்காளியாகவும் அவதரித்ததை நோக்குங்கால், பேய் என்பது எக்காலத்தும் அண்டை வீட்டுச் சரக்கே என்னும் விஷயத்தில் நம் தேசத்தார் அபூர்வ ஐக்கியம் கொண்டிருப்பது புலனாகும். எங்கள் திருச்சுழிப் பேய்களுக்கோ இத்தகைய பாஷா ஞானம் கிடையாது. குண்டாற்றங்கரைச் சீமைக் கருவேலங்காட்டில் அவை சுத்தமான அருப்புக்கோட்டைத் தமிழில்தான் சுருட்டுக் கேட்கும் (மிளகாய் வற்றல் நெடிக்கு ஓடியும் போகும்). 1879-இல் இதே திருச்சுழியில் பிறந்த ரமணர், 'நான் யார்' என்று அவரவரே விசாரித்துக்கொள்ளச் சொன்னார். படத்து நாயகிக்கோ அந்த விசாரணையை நடத்த ஒரு மனோதத்துவ வைத்தியர் தேவைப்பட்டார், அவருக்கும் பாட்டும் சண்டையும் முடிந்த பிறகே அவகாசம் கிடைத்தது.