டொமைன் வாங்கியாச்சு, மீதி எழுதினால் போதும்

வங்கியின் மேல் எனக்குக் கோபமில்லை. தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சொன்னார்கள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, எல்லாரும் செய்வதுபோல, விரலால் ஒதுக்கிவிட்டேன். மறுநாள் ராத்திரி துரைப்பாக்கத்தில் ஒரு மெஸ்ஸில் பரோட்டாவும் கலக்கியும் தின்று முடித்து, க்யூஆர் கோடுக்கு நேராக போனை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. மாதக்கடைசிக்கு மிச்சம் வைத்திருந்த பணம் ‘மாவுஇருக்கா டாட் இன்’ என்ற முகவரியைப் புதுப்பிக்கப் போய்விட்டது. கல்லாவில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து, “சர்வர் டவுனா தம்பி?” என்றார். ஆமாண்ணே என்றேன். ரூம்மேட் கொடுத்தான். அவன் டெஸ்டிங்கில் இருக்கிறான். குறை கண்டுபிடிக்கிற தொழிலை வீட்டுக்கும் எடுத்துவருகிற ரகம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

தெருமுனைக் கடையில் தோசைமாவு தீர்ந்துவிட்டதா என்று படியிறங்காமல் தெரிந்துகொள்ள ஓர் ஆப். ஆப் இல்லை, முகவரி இருக்கிறது. உங்களிடமும் இப்படி நாலைந்து கிடக்கும் என்பதால் விளக்கம் தேவையில்லை. இதை ஏன் ரத்து செய்ய மாட்டேன் என்பதற்கு என்னிடம் அசைக்க முடியாத ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், பெயர் வாங்கும் படலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

யோசனை வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வரும். திங்கட்கிழமை ஸ்டாண்டப்பில் மேனேஜர் முகத்தைப் பார்த்த பிறகு எந்த யோசனையும் பிழைத்ததில்லை. யோசனை வந்த சூட்டோடு எடிட்டரைத் திறக்க மாட்டோம். பெயர் விற்கிற தளத்தைத் திறப்போம். டாட் காம் கிடைக்காது. நாம் அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்திலேயே எவனோ வளைத்துப்போட்டு, ‘இந்த முகவரி விற்பனைக்கு’ என்று பலகை மாட்டியிருப்பான். விலை கேட்டால் நம் பேக்கேஜைச் சொல்வான்.

சரியென்று டாட் ஐஓ பக்கம் போவோம். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அதை இன்புட்-அவுட்புட் என்று நினைத்து வாங்குகிறோம். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு ஒதுக்கிய எழுத்து. அதாவது சாகோஸ் தீவுகள். அங்கே தலைமுறையாக வாழ்ந்த மக்களை 1968-க்கும் 1973-க்கும் இடையில் மொத்தமாக அப்புறப்படுத்திவிட்டு, டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் போட்டார்கள். அந்த மக்கள் இன்னமும் ஊர் திரும்ப வழக்காடுகிறார்கள். நாம் அவர்கள் ஊர் எழுத்தில் நோட்ஸ் எடுக்கும் ஆப் போடுகிறோம். தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக பிரிட்டன் 2025-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, ஆபீஸ் கேன்டீனில் எழுந்த ஒரே கேள்வி, “அப்ப நம்ம டொமைன்?” கேட்டது நானில்லை. கேட்டவனுக்குப் பதில் தெரிந்துகொள்ளக் காதை நீட்டியது நான்.

டாட் ஏஐ இன்னும் விசேஷம். அது கரீபியன் கடலில் அங்கில்லா என்ற சின்னத் தீவுடையது. ஜனத்தொகை நம் ஊரில் ஒரு வார்டுக்குக் காணாது. செயற்கை நுண்ணறிவு மோகம் கிளம்பியதும் அவர்களுக்கு மாமழை. 2023-இல் அந்த அரசாங்கத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ரெண்டெழுத்து வியாபாரத்தில் வந்தது. குறைந்தபட்சம் ரெண்டு வருஷத்துக்கு எடுத்தால்தான் கொடுப்பார்கள். ரெண்டு வாரம் தாங்காத ஆர்வத்துக்கு ரெண்டு வருஷப் பத்திரம். அதையும் எழுதிக் கொடுத்தேன். அங்கில்லாவில் ஏதோ ஒரு சாலையில் ஒரு கூடை ஜல்லி என் காசில் கொட்டியிருப்பார்கள். நல்லா இருக்கட்டும். அந்தக் கூடையை எங்கள் தெருவில் கொட்டியிருந்தால் மழைக்காலத்தில் நான் பேன்ட்டை முழங்கால்வரை மடிக்காமல் நடப்பேன்.

தமிழிலேயே முகவரி வைக்கலாம், தெரியுமோ? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே உண்டு. இணையத்தின் முகவரிப் புத்தகத்துக்கு மட்டும் இன்றைக்கும் ஆங்கில எழுத்துதான் படிக்கத் தெரியும். எனவே தமிழ்ப் பெயரைத் திரைமறைவில் உருமாற்றி வைத்திருப்பார்கள். பிரவுசரில் பார்க்கும்போது அழகாகத் தமிழில் இருந்த என் முகவரி, காப்பி செய்து வாட்ஸாப்பில் ஒட்டியதும் எக்ஸ், என், ரெண்டு கோடு என்று ஆரம்பித்து, எழுத்தும் எண்ணுமாகக் கலந்து நீண்டது. கோவில்பட்டியில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: “யாரோ உன் நம்பர்ல இருந்து திருட்டு லிங்க் அனுப்புறாங்கடா. மொதல்ல பாஸ்வேர்ட மாத்து. பணம் எதுவும் போயிருச்சான்னு பாரு.” பணம் போயிருந்தது உண்மைதான்.

பெயர் அமைந்ததும் லோகோ. லோகோ வந்ததும் டார்க் மோட். அதற்கப்புறம் லாகின் பக்கம், லாகின் பக்கம் இருந்தால் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ பக்கம். உலகத்திலேயே அதற்கு ஒரே பயனர் நான், நான் மறக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை அதைத்தான் செதுக்கிக்கொண்டிருப்பேன். மாவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற பகுதி அடுத்த வாரத்துக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு யோசனை வந்துவிடும்.

இந்தச் சீக்குக்கு விதை போட்டவர்கள் கல்லூரிக்கு வந்து பேசிவிட்டுப்போன சிறப்பு விருந்தினர்கள். சொல்லிவைத்ததுபோல் எல்லாருக்கும் அதே மூன்று கதை. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்குக்கு ஆரம்பித்தது லினக்ஸ். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கீடோ வான் ராசம் பொழுதுபோகாமல் ஆரம்பித்தது பைத்தான். ஜோஷ் வார்டில் தன் துணைவி விளையாடுவதற்காகச் செய்த வேர்டிலை, நியூயார்க் டைம்ஸ் 2022 ஜனவரியில் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆகவே மாணவர்களே, நீங்களும் இன்றே தொடங்குங்கள். கைதட்டல், பொன்னாடை, டிபன். டிபன் அவருக்கு மட்டும்.

அவர்கள் சொல்லாமல் விட்டது வேறு. டோர்வால்ட்ஸ் தன் படைப்புக்கு ஃப்ரீக்ஸ் என்று பெயர் வைக்கத்தான் நினைத்தார். சர்வரில் இடம் கொடுத்த அரி லெம்கேவுக்கு அது பிடிக்காமல், அவராகவே லினக்ஸ் என்று போட்டுவிட்டார். வான் ராசம் ரசித்த நகைச்சுவைக் குழு மாண்டி பைத்தான். பெயர் பொருத்தம் பார்க்கும் வேலை அதோடு முடிந்தது. வேர்டில் பிரபலமானபோது அதற்கென்று ஒரு முகவரிகூட இல்லை. வார்டிலுடைய சொந்தத் தளத்தின் ஒரு மூலையில் கிடந்தது. ஒருத்தரும் வெள்ளிக்கிழமை ராத்திரி பெயர் வாங்கிவிட்டுத் தூங்கப்போகவில்லை. இதை ஒரு ஸ்லைடில் போட்டிருந்தால் என் பரோட்டாக் காசு மிஞ்சியிருக்கும்.

நான் எதையுமே முடித்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றை முடித்தேன். பிடுங்கலே அதில்தான்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மொட்டைமாடித் தொட்டி ஒன்று வழியும், இல்லையென்றால் காலியாக இருக்கும். நடுநிலை அதற்குக் கிடையாது. தண்ணீர் மட்டத்தைப் போனில் பார்க்க ஏற்பாடு செய்யலாமென்று ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு அல்ட்ராசானிக் சென்சார் வாங்கிவந்தேன். குட்டிப் பலகையில் ரெண்டு உருண்டைக் கண். ஒரு கண் காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீரை நோக்கி விடும், மற்றது திரும்பி வருவதைப் பிடிக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். போய்வந்த நேரத்தால் பெருக்கி, ரெண்டால் வகுத்தால் தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று வந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் பள்ளிக்கூடத்தில் சின்டெக்ஸ் வியர்க்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. விடிகாலையில் மூடிக்கு அடியில் நீர் கோத்து, ஒரு துளி அந்தக் கண்ணில் நின்றுவிட்டால் போதும், காலித்தொட்டி நிரம்பி வழிவதாகச் சத்தியம் செய்யும். பவர்பேங்க்கில் இணைத்தேன். இது இழுக்கிற மின்சாரம் ரொம்பக் கொஞ்சம்; எதுவுமே மாட்டவில்லை என்று முடிவுகட்டி பவர்பேங்க் தானாக அணைந்துகொண்டது. மாடிக்கதவு இரும்பு, அதைத் தாண்டி வைஃபை போகாது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். உண்மையைச் சொன்னால், இந்த நகரத்தில் நான் சந்தோஷமாக இருந்த வாரக்கடைசிகள் அவைதான்.

அப்புறம் அசோசியேஷன் செயலாளர் மாடிப்படியில் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, தண்ணிக்கு ஏதோ பண்ணியிருக்கீங்களாமே?” என்றார். அன்றைக்கே வாட்ஸாப் குழுவில் என்னைச் சேர்த்தார். அதுவரை மோட்டார் போடுவது வாட்ச்மேன் அண்ணன் வேலை. குழாயில் விழுகிற சத்தத்தை வைத்தே அளவு சொல்வார். இப்போது நாற்காலியை விட்டு அசைவதில்லை. “ஆப்பு சொல்லட்டும் சார்” என்கிறார். விடிகாலை ஐந்து மணிக்குக் குழுவில் என் பெயர் சொல்லி அழைப்பு. லாரி வரவில்லையா, நான். லாரித் தண்ணீர் மஞ்சளா, நான். மெட்ரோ வாட்டர் விடாத நாளில் “ஆப்ல ஏன் முன்னாடியே காட்டல?” என்று கேட்ட புண்ணியவானும் உண்டு. மெயின்டனன்ஸில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப்பார்த்தேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லையாம்.

போன வாரம் வேலை மாறலாமென்று ஓர் இன்டர்வியூ. வீடியோவில். எதிரே இருந்தவர் என் கிட்ஹப் பக்கத்தைப் பார்த்தபடி, “சனி, ஞாயிறுல பச்சைக் கட்டமே இல்லையே, வீக்கெண்ட்ல என்ன பண்றீங்க?” என்றார். துணி துவைக்கிறேன் என்றேன். சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பேங்க் வேலைக்கு வந்தவரிடம் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காக வீட்டில் எத்தனை செக் பாஸ் பண்ணினீர்கள் என்று யாராவது கேட்கிறார்களா? வாரம் அஞ்சு நாள் எழுதுவதற்குத்தான் சம்பளம். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் எழுதினால்தான் தொழில்பக்தி என்று நம்புகிறவர்களை நான் ஏற்கெனவே மேனேஜராகப் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் வேலை வேண்டுமே. தொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

“யூசர்ஸ் எத்தனை பேர்?”

“பன்னெண்டு வீடு சார்.”

“ஸ்கேல் ஆகுமா?”

“பக்கத்து அபார்ட்மென்ட்ல கேட்டாங்க. அதுக்குள்ள அங்க போர் வத்திப்போச்சு.”

எதையோ குறித்துக்கொண்டார். இதில் கற்றுக்கொண்டது என்ன என்று அடுத்த கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தேன், கதவு தட்டும் சத்தம். திறந்தால் மூன்றாம் மாடி அங்கிள், இடுப்பில் துண்டு, தலையெல்லாம் சோப்பு நுரை, கையில் போன். எழுபது சதவீதம் என்று காட்டிய திரையை என் முகத்துக்கு நேரே நீட்டி, “இதுக்கு யாருப்பா பொறுப்பு?” என்றார். கேமரா ஆனில்தான் இருந்தது.