காடென்றால் எந்தக் காடு?

எங்கள் ஊரில் ஏது காடு? சுற்றிலும் சீமைக்கருவேலம்தான். இங்கே காட்டுப் பேய் நாவல் எழுத முடியுமா?
*கல்லூரி மாணவி, பாளையம்பட்டி*

உங்கள் அப்பத்தா விடியுமுன்னே தூக்குவாளியோடு கிளம்பும்போது எங்கே போவதாகச் சொல்வார்? ‘காட்டுக்கு’ என்றுதானே! நம் பக்கம் மானாவாரிப் புஞ்சைதான் காடு. கம்பும் சோளமும் நின்ற அந்தக் காட்டில் இன்று வேலிமுள் ஏறி, கரிமூட்டம் புகைகிறது. ராத்திரி மூட்டத்து மண் வெடித்துத் தணல் தெரிந்தால், தூரத்தில் நடந்து வருகிறவருக்கு அது கொள்ளிவாய்ப் பிசாசு. முதல் அத்தியாயத்தை அங்கேயே தொடங்குங்கள்.

புளியமரம் இல்லாத இடத்தில் பேய் எங்கே குடியிருக்கும்?
*வாசகர், திருச்சுழி*

உடைமரத்தில். கால் தரையில் படாதவரை முள் என்ன செய்யும்?

நிஜமான காடும் துக்கமும் சேர்ந்த நம் கதை எது?
*வாசகர், அருப்புக்கோட்டை*

முத்துப்பட்டன் கதை. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுக் காட்டில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவர் இருக்கிறார். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்தவர். மாடு திருட வந்தவர்களோடு மோதி மாண்டார். அக்காளும் தங்கையும் தீப்பாய்ந்தார்கள். வில்லுப்பாட்டில் வாழ்ந்த இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார். பட்டவராயனாகக் கும்பிடப்படும் அவருக்கு இன்றும் தோல்செருப்புதான் காணிக்கை. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும் என்கிறார்கள், காட்டைச் சுற்றி நடந்த கால் போட்டதுபோல. எந்த நாவலாசிரியருக்கும் பொறாமை வரவைக்கும் செருப்பு அது!

கரிசல் மண்ணிலேயே வேண்டுமென்றால் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). நகைக்காகத் தண்ணீருக்குள் அமுக்கப்படும் பெண், கொல்பவனின் கால்விரலைக் கடித்தபடியே சாகிறாள். படித்தவர் கால்விரலை மடக்கிக்கொள்வார்.

பேய்க்கதை என்றால் பயமுறுத்த வேண்டாமா?
*அதே மாணவி*

பயம் பிறகு வரட்டும். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடும் வீடுகள் தெற்கே நிறைய உண்டு. ஓலைப்பெட்டியில் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன். கும்பிடும் நாளில் பழையதை எடுத்துப் புதியதை வைப்பார்கள். பன்னிரண்டு வயதில் போன பிள்ளைக்கு, நாற்பது வருஷம் கழித்தும் அதே அளவுப் பாவாடை. ஜவுளிக்கடையில் நரைத்த தாய் ஒருத்தி அந்த அளவைக் கையால் காட்டுகிறாள். கடைப்பையன் கேட்கிறான்: ‘பாப்பாவுக்கு என்ன வயசும்மா?’

அவள் சொல்லும் பதிலை நீங்கள் எழுதுங்கள்.