பஞ்சாபி தாபாவுக்குப் போற மாப்ளைக்கு

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. மூவர் கோயில்ல நின்னு போட்டோ புடிச்சாச்சு, விராலிமலைக்குப் போயி மயிலும் பாத்தாச்சு. இப்ப ரவைச் சாப்பாட்டுக்கு நாலுவழிச் சாலையில இருக்க பஞ்சாபி தாபாவுக்குப் போகணுங்குறே. போ, யாரு வேண்டாங்குறது? சென்னையில இருந்து முந்நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல வண்டி ஓட்டி வந்து, கொடும்பாளூர்ல உக்காந்து ரொட்டி திங்கிறதுக்கும் ஒரு ராசி வேணும்ல. உங்க அத்தை கோழிக் குழம்பு வச்சிருக்கா. அது கெடக்கு, நாளைக்குச் சுண்ட வச்சா இன்னும் ருசி.

ஆனா தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கேன்ல, நாலு வார்த்தை கேட்டுட்டுப் போ.

முதல்ல பலகையைப் பாக்காதே. பலகையில தலைப்பாகைக்காரரு மீசையை முறுக்கிக்கிட்டு நிப்பாரு. உள்ள அடுப்புல நிக்கிறவன் பீகார்க்காரனா இருப்பான், இல்லாட்டி நேபாளத்துப் பையனா இருப்பான், அதுவும் இல்லாட்டி நம்ம மணப்பாறைக்காரனேதான். அதுல குத்தம் ஒண்ணுமில்ல. ஊருக்கு ஊரு முனியாண்டி விலாஸ் இருக்கே, அங்க எல்லாம் வடக்கம்பட்டிக்காரகளா குழம்பு கூட்டுறாக? நீ பாக்க வேண்டியது வெளிய நிக்கிற லாரி நம்பரை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போற வண்டி, அங்கிட்டிருந்து வர்ற வண்டின்னு பி.பி., எச்.ஆர்., ஆர்.ஜே. நம்பர்ல நாலஞ்சு புழுதியோட நின்னுச்சுன்னா தைரியமா உள்ள போ. வெறும் டி.என். 45, டி.என். 55 காரு மட்டும் வரிசையா நின்னுச்சுன்னா, நம்மாளு நம்மாளுக்கே சமைச்சுப் போடுறான்னு தெரிஞ்சுக்க. அதுக்கு அத்தை கைக்குழம்பு தேவலை.

அந்த டிரைவர் கதையை நெனச்சுப் பாரு. ஹரியானாவுல வண்டியை எடுத்தவன் நாள்கணக்குல உருட்டிக்கிட்டு இங்க வந்து சேருறான். நம்ம இட்லி அவனுக்குப் பல்லுக்கும் பத்தாது. அவன் கேக்குறது ரொட்டி, பருப்பு, வெங்காயம். தொட்டித் தண்ணியில குளிச்சுக்கலாம், கயித்துக் கட்டில்ல கண்ணை மூடிக்கலாம், அதுக்கெல்லாம் காசு கெடையாது. தின்னதுக்கு மட்டும்தான் காசு. தாபா யாவாரமே அதுல பொறந்ததுதான். அந்தக் கட்டிலுக்குக் குறுக்க ஒரு பலகையைப் போட்டுத் தட்டை வைப்பாக. நீ உக்காருறப்போ பாத்து உக்காரு மாப்ளே, உன் ஒடம்புக்குக் கயிறு தொய்ஞ்சு நீ உள்ள போயிருவே, பலகை மூக்குக்கு நேரா வந்து நிக்கும். குழம்பை மோந்து பாக்கத் தோது, சாப்பிடத்தான் தோதுப்படாது.

அப்புறம் மெனு அட்டை. மூவர் கோயில்னு பேரு, நிக்கிறது ரெண்டு விமானம்தானேன்னு காலையில கேட்டியே. பூதி விக்கிரமகேசரி தனக்கும் ரெண்டு பொஞ்சாதிக்குமா மூணுதான் கட்டினாரு, ஒண்ணு போயி அடித்தளம் மட்டும் கெடக்கு. மெனுவைப் படிச்சுட்டு அடுப்பங்கரையை எட்டிப் பாத்தேன்னா அந்தக் கேள்வியையே மறந்துருவே. அட்டையில எரநூறு அயிட்டம், அடுப்புல ரெண்டு மூணு அண்டா. வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைச்ச செவப்பு ஒண்ணு, முந்திரி அரைச்ச வெள்ளை ஒண்ணு. அதுல பன்னீரைப் போட்டா ஒரு பேரு, காளானைப் போட்டா ஒரு பேரு, முட்டையை ரெண்டா அறுத்துப் போட்டா இன்னொரு பேரு. மேல காஞ்ச வெந்தயக்கீரையை உள்ளங்கையில கசக்கித் தூவிட்டா எல்லாத்துக்கும் ஒரே வாசம். ஒரே ஆளு வேட்டியை மாத்திக் கட்டிக்கிட்டு அஞ்சு பந்தியில உக்காந்த கதைதான்.

பன்னீரு இன்னொரு கூத்து. கொதிக்கிற பால்ல எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு வேணும்னே திரிய வச்சு, துணியில கட்டி, மேல கல்லைத் தூக்கி வைக்கிறது. நம்ம வீட்டுல பாலு திரிஞ்சா பால்காரன் பரம்பரைக்கே வசவு விழும். அங்க அதைச் சதுரமா வெட்டிப் போட்டு எரநூறு ரூபாங்குறான். விவரமானவன் யாருன்னு நீயே சொல்லு.

பட்டர் சிக்கன்தான் கேக்கப் போறேன்னு உன் மூஞ்சியிலேயே தெரியுது. அது ஏதோ பஞ்சாப்புல களத்துமேட்டுச் சாப்பாடுன்னு நெனச்சுக்காதே. 1947ல நாடு பிரிஞ்சப்போ பெஷாவர்ல இருந்து தில்லிக்கு ஓடி வந்தவுக, தரியாகஞ்சுல மோதி மகால்னு ஓட்டல் போட்டாக. தந்தூர்ல சுட்ட கோழி மிஞ்சிக் காஞ்சு போகுதேன்னு தக்காளியிலயும் வெண்ணெயிலயும் பெரட்டினதுல வந்ததுன்னு சொல்றாக. அதை யாரு கண்டுபுடிச்சதுன்னு ரெண்டு ஓட்டலுக்குள்ள சண்டை வந்து, 2024ல வழக்கு தில்லி ஐகோர்ட்டுக்கே போச்சு. மிஞ்சிப்போன கோழிக்கு மாப்ளே! நம்ம ஊருல பழங்குழம்பைச் சுண்ட வச்ச கெழவிக ஒருத்தியும் புதுக்கோட்டை கோர்ட்டுப் படி ஏறல. ஏறியிருந்தா நமக்கும் தில்லியில ஒரு கடை இருந்திருக்கும்.

நான் சொல்றதைச் சொல்லு. தந்தூர் ரொட்டி, கோதுமையில. அங்கிட்டு பஞ்சாப்பு கிராமத்துல பொதுத் தந்தூர் இருக்குமாம். பொழுது சாய பொம்பளைக மாவைப் பெசைஞ்சு எடுத்துக்கிட்டுப் போயி, நின்னு சுட்டுக்கிட்டு வருவாகளாம். ஊர்ப் பொரணி அம்புட்டும் அங்கதான் வெந்திருக்கும். மண்ணடுப்புச் செவுத்துல அப்புன ரொட்டியைக் கம்பியில குத்தி எடுக்குறப்போ அங்கங்க கருகியிருக்கும், அதுதான் ருசி. ஒவ்வொண்ணா கொண்டாரச் சொல்லு. மொத்தமா வாங்கி அடுக்கி வச்சு உன் பொஞ்சாதி போட்டோ புடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆறிப் போயிரும், அப்புறம் பல்லுக்கு வைத்தியம் பாக்கணும்.

வெஞ்சனத்துக்குப் பருப்பு. சீரகமும் பூண்டும் மொளகாயும் தாளிச்சுக் கொட்டுறானே, அந்தத் தால் தடுக்கா. லாரிக்காரக எல்லாரும் அதைத்தான் திங்கிறாக, அதனால அண்டா காலியாகிக் காலியாகிப் புதுசா வந்துக்கிட்டே இருக்கும். பன்னீரு எந்தத் தேதியில வந்துச்சுன்னு பன்னீருக்குத்தான் தெரியும். வெங்காயமும் பச்சமொளகாயும் சும்மாவே தருவான், கூச்சப்படாம ரெண்டாந்தரமும் கேளு. லஸ்ஸி குடிச்சா உடனே வண்டியை எடுக்காதே, தொவரங்குறிச்சி தாண்டுறதுக்குள்ள கண்ணைச் சொக்கும். கயித்துக் கட்டிலு சும்மாதானே கெடக்கு.

பில்லைப் பாத்து மொறைக்காதே. வழிப்போக்கனுக்குச் சோறு நம்ம ஊருக்குப் புதுசில்ல. கோவலனுக்கு மதுரைக்கு வழி சொன்ன மறையவன், கொடும்பாளூர்க் கொளத்தைத் தொட்டதும் பாதை மூணாப் பிரியும்னு சொன்னதா சிலப்பதிகாரத்துலயே இருக்கு. அப்பவே இது கூட்டுரோடுதான். இடங்கழி நாயனாரு ஆண்ட ஊரும் இதுதான். சிவனடியாருக்குச் சோறு போட்டே கையில இருந்ததெல்லாம் தீந்துபோன ஒருத்தரு, நடுராத்திரி அரமணைக் களஞ்சியத்துல நெல்லு எடுத்து மாட்டிக்கிட்டாரு. ராசா காரணத்தைக் கேட்டுட்டு, இவருதான்யா எனக்குக் களஞ்சியம்னு சொல்லி, அடியாருக எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கிடட்டும்னு தொறந்து விட்டுட்டாராம். பெரியபுராணத்துல இருக்கு. என்னையக் கேட்டா, காசு வாங்காம டிரைவரைப் படுக்க விடுறானே, அந்தக் கட்டில்ல மட்டும் நாயனாரு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்காரு. அதுக்காக நீ கல்லாவுல போயி அவரு பேரை எடுத்துறாதே. அங்க உக்காந்திருக்கவருக்கு இடங்கழியாரைத் தெரியாது, அஞ்சு பர்சென்ட் ஜி.எஸ்.டி. நல்லாத் தெரியும்.

இம்புட்டும் மாமனுக்கு எப்புடித் தெரியும்னு உன் பொஞ்சாதி ஒரு மாதிரியா பாக்குது பாரு. சாலையோரமா மாட்டைப் புடிச்சுக்கிட்டுப் போறப்போ கண்ணுல படாதா என்ன? சரி, கெளம்பு. உன்னையத் தனியா அனுப்புனா அந்த எரநூறு அயிட்டத்துல முக்கி எடுத்துருவான். தொணைக்கு நானே வாறேன், முன்சீட்டுல கெடக்குற பையை எடுத்துப் பின்னால போடு. ரவைக்குப் பசியில்லைன்னு அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ காசை மட்டும் கொஞ்சம் கூடவே எடுத்து வச்சுக்க மாப்ளே. கல்லாவுல இருக்கவரு என்னையக் கண்டதும் நோட்டைப் பொரட்டிக்கிட்டுப் பழைய பாக்கி அது இதுன்னு ஹிந்தியில ஏதாச்சும் சொல்லுவாரு. எனக்கு எங்க ஹிந்தி தெரியுது?