ஜனவரித் தகப்பனார்

விவாகரத்தான தகப்பன்மார்களில் பிள்ளையை நினைத்து அன்றாடம் உருகுகிறவர்களும் உண்டு, தீபாவளிக்குத் தீபாவளி பட்டாசுப் பெட்டியும் கையுமாகத் தோன்றி மறைகிறவர்களும் உண்டு. நான் இங்கே வர்ணிக்கப் புகுந்தது இவ்விரண்டிலும் சேராமல், கும்மிடிப்பூண்டி சிப்காட் பிரதேசத்தில் தாராளமாகத் தென்படுகிற மூன்றாவது ரகத்தை. வருஷத்தில் பதினொரு மாதம் இவர் சாமானிய மனிதர். இரும்பாலையில் ஷிப்டு பார்ப்பார், கான்டீன் சாம்பாரை நிந்திப்பார், ஓய்வு நாளில் தூங்குவார். ஆனால் ஜனவரி பிறந்து, வரிச் சலுகைக்கான 'புரூஃப்'களை இன்ன தேதிக்குள் சமர்ப்பிக்காதவர்களுக்கு மிச்ச மாதச் சம்பளங்களில் மொத்தமாகப் பிடித்தம் செய்யப்படும் என்று ஹெச்.ஆர். இலாகா மெயில் அனுப்பிய அந்த க்ஷணமே, அவர் இருதயத்தில் புத்திர வாத்ஸல்யம் பிரவாகம் எடுத்துவிடும்.

"ஏம்மா, தம்பி சாப்பிட்டானா? இருமல் இருந்துதே, தேவலையா?"

"அது ஐப்பசி மாசத்து இருமல். ஃபீஸ் ரசீதை நான் ஏற்கெனவே எங்க ஆபீஸ்ல கொடுத்தாச்சு."

அம்மாள் திருவள்ளூரில் இருக்கிறாள். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள் என்பது நம்மவருடைய ஜாதகக் கோளாறு. இரண்டு ஊரும் ஒரே ஜில்லாதான். ஆயினும் ரயில்வேக்காரர்கள் இத்தம்பதிகளின் கதியை முன்கூட்டியே அறிந்தவர்கள்போல் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பாதையும் அரக்கோணத்துக்கு ஒரு பாதையுமாகப் பிரித்துப் போட்டுவிட்டபடியால், ரயிலில் வருகிறவர் பேசின் பிரிட்ஜ் வரையில் கீழே இறங்கி, வண்டி மாறி, மறுபடி மேற்கே ஏறியாக வேண்டும். பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவுக்கு அசாத்தியமாகத் தோன்றிய இந்த யாத்திரை, ரசீதுக்காக என்றதும் சுலபமாகிவிடுகிறது.

திருவள்ளூர் பிளாட்பாரத்தில் நடக்கும் அந்த வாதத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ரசீதின் மேல் வரியில் மாணவன் பெயர், அதன் கீழே 'தகப்பனார் பெயர்' என்று அச்சிட்ட இடத்தில் இவர் பெயர். அடியில், பணம் வந்து சேர்ந்த விவரத்தில் அம்மாளின் வங்கிக் கணக்கு. இவர் விரல் மேலே, அவள் விரல் கீழே. காகிதங்களுக்குத் தகப்பன் பெயரில் உள்ள மோகம் நேற்று வந்ததல்ல. 1984-ல் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தகப்பனார் கையெழுத்து வேண்டும், இல்லையேல் காப்பாளர் சான்றிதழ் வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. தகப்பன் உயிரோடு இருக்கையிலேயே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 1999 ஆயிற்று.

"நான் கொடுக்கிற ஜீவனாம்சத்திலதானே கட்டினே?" என்பது இவருடைய பிரம்மாஸ்திரம். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் அதற்கு மசியவில்லை. அதன் 80-சி பிரிவின் 1,50,000 ரூபாய் உச்சவரம்புக்குள், இரண்டு பிள்ளைகள் வரையில், கல்விக் கட்டணத்தை யார் கட்டினாரோ அவருக்கே கழிவு என்றது அது. வேன் கட்டணமும் நன்கொடையும் சேராது. ஆளுக்குப் பாதி கட்டினால் அவரவர் பாதிக்கு அவரவர் கழிவு பெறலாம், சண்டைக்கே இடமில்லை. ஆனால் பாதி கட்டுவதற்குக் கட்ட வேண்டுமே! அமெரிக்காவில் பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் வரிக்கணக்கில் அப்பிள்ளையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க 8332 என்று ஒரு படிவமே இருக்கிறது என்று நியூ ஜெர்ஸி மைத்துனர் சொல்லக் கேட்டதிலிருந்து, நம் தேசம் பின்தங்கியிருப்பதன் காரணம் இவருக்கு விளங்கிவிட்டது. புதிய வரி முறையில் கல்விக் கட்டணக் கழிவு கிடையாதாகையால் இவர் பழைய முறையையே கட்டிக்கொண்டிருக்கிறார். மாறிவிட்ட சகாக்களுக்கு ஜனவரியும் மற்ற மாதங்களைப் போலவே அமைதியாகக் கழிகிறது.

இனி ஜூலை மாதத்துக்கு வருவோம், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் காலம். பாட்டனார் பேரன் பெயரில் போட்டுவைத்த டெபாசிட்டுக்கு வட்டி வந்திருக்கிறது. மைனரின் வருமானத்தைப் பெற்றோரில் அதிக வருமானமுள்ளவர் கணக்கில் சேர்க்க வேண்டும், விவாகம் நிலைக்காதபோதோ அந்த வருஷம் பிள்ளையைப் பராமரித்தவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது அந்த 1961 சட்டத்தின் 64(1ஏ) பிரிவு; 1,500 ரூபாய்க்கு மட்டும் வேறொரு பிரிவில் விலக்கு. இதைப் படித்த மாத்திரத்தில் நம்மவர் நாத் தழுதழுக்கிறார்: "நான் என்னம்மா செஞ்சேன்? ராத்திரி பகலா வளர்க்கிறது சாட்சாத் நீதானே!"

அம்மாளும் லேசுப்பட்டவளல்ல. "சோறு போடறதுதான் நான், மாசாமாசம் பணம் அனுப்பிப் பராமரிக்கிறது நீங்கதான்னு நீங்களே ஸ்டேஷன்ல நாலு பேர் கேட்கச் சொன்னீங்களே" என்கிறாள். ஜனவரியில் இரண்டு தகப்பன்மார் இருந்த பையனுக்கு ஜூலையில் பெற்றோரே இல்லை.

கடைசியில் ஒரு ஆடிட்டர் வழி காட்டினார். சிறுவன் தன் சொந்தத் திறமையால் சம்பாதிக்கும் பணம் பெற்றோர் தலையில் ஏறாது, அது அவனுடைய வருமானமாகவே கொள்ளப்படும் என்று அதே 64(1ஏ) பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டாம். டெபாசிட் வட்டிக்கு இது எந்த விதத்தில் பிரயோசனம் என்று அவர் விளக்குவதற்குள் நம்மவர் எழுந்து போய்விட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை, சுருதி இன்னதென்று அறியாத அந்தப் பையனுக்கு ஒரு கீபோர்டு வாங்கித் தோளில் சுமந்துகொண்டு, டி.வி. பாட்டுப் போட்டியின் விண்ணப்பம் சட்டைப்பையில் இருக்க, பேசின் பிரிட்ஜில் அரக்கோணம் வண்டிக்குக் காத்து நின்றார்.