சிங்கவரத்தில் உயர்ரக மின்கார்களின் உயிர்நிலை: ஓர் ஒப்பியல் ஆய்வு

பாயிரம்

சி. எஸ். சீனிவாசாச்சாரியார் சிங்கவரத்தை அடுத்த செஞ்சியின் வரலாற்றை எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் அதை வெளியிட்டது. நாயக்கர், பீஜப்பூர்க்காரர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டையைப் பிடித்தவரும் விட்டவரும் அதில் வரிசையாக வருகிறார்கள். மின்காரைப் பற்றி ஒரு வரி இல்லை. கே. ஆர். சீனிவாசன் 1964-இல் வெளியிட்ட பல்லவர் குடைவரை நூலில் சிங்கவரம் குடைவரை இடம்பெறுகிறது. மலையடிவாரத்தில் வண்டி நிறுத்த எத்தனை அடி இடம் என்பது இடம்பெறவில்லை. ஆய்வுலகில் இதற்கு ஆய்விடைவெளி என்று பெயர். இடைவெளி அகப்பட்டுவிட்டால் பாதி டாக்டர் பட்டம் வாங்கிய மாதிரி. மீதிப் பாதிக்கு அந்த இடைவெளியில் எதையாவது கொட்டி நிரப்ப வேண்டும். இக்கட்டுரை அந்த நோக்கத்துடனேயே எழுதப்படுகிறது.

ஆய்வு எல்லை: மலையடிவாரம் முதல் மாவு மில் வரை.

முன்னோடி ஆய்வுகள்: இல்லை.

எண்ணியல்

நகரத்து ஒப்பியலார் கார்களை எண்ணால் அளப்பவர்கள். மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ் 580 என்றால் பேட்டரி 107.8 கிலோவாட் மணி, ஒரு சார்ஜுக்கு 857 கிலோமீட்டர், 2022-இல் வந்தபோது விலை 1.55 கோடி. பி.எம்.டபிள்யூ ஐ4 என்றால் 80.7 கிலோவாட் மணி, 590 கிலோமீட்டர், அதே ஆண்டு, 69.9 லட்சம். ஹூண்டாய் அயோனிக் 5 என்றால் 72.6 கிலோவாட் மணி, 631 கிலோமீட்டர், 2023 தொடக்கத்தில் 44.95 லட்சம். கடைசியாகச் சொன்னது இருங்காட்டுக்கோட்டையில் பூட்டப்படுவதால் மண்ணின் மைந்தன் என்பர். மேற்கண்ட தூரங்களில் 590 ஐரோப்பியச் சோதனை முறைப்படி வந்தது, மற்ற இரண்டும் இந்தியச் சோதனை முறைப்படி வந்தவை. இரண்டு முழக்கோலால் அளந்ததை ஒரே அட்டவணையில் போட்டுச் சண்டை மூட்டிவிடுவது ஒப்பியல் துறையின் நெடுநாள் வழக்கம். நாமும் மரபை மீறவில்லை.

857 என்ற எண் தனி ஆய்வுக்குரியது. சிங்கவரத்தை ஒட்டிய திருநாதர்குன்றில் ஒரு கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்று அது சொல்கிறது. இவ்வட்டாரத்தில் ஊட்டமின்றித் தாங்கியதற்கான மூத்த சான்று இதுவே. பாறையில் வெட்டிய எண், ஆகவே நம்பலாம். 857 எந்தப் பாறையிலும் வெட்டப்படவில்லை. இரண்டு எண்ணிலும் 57 வருவதை வைத்து, முன்னால் நிற்கும் 8 பிற்கால இடைச்செருகல் என்று நிறுவிவிட முடியும். அதற்குத் துணியும் அறிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு விருதும் கிடைத்திருக்கிறது.

ராஜா தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாப்போடு போருக்குப் போகுமுன் சிங்கவரத்து ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர் வழக்கு. விற்பனையாளர் சொன்ன தூரத்தை மனத்தில் வைத்து மலையேறிக் கும்பிட்டவர் எவரும் பெருமாள் முகம் திரும்பக் கண்டதாகச் சொல்லவில்லை. திருமுகம் ஏற்கெனவே திரும்பித்தான் இருந்தது.

இனி ஆய்வின் மையக் கருதுகோள். மேலே கண்ட மூன்று கார்களுக்கும் இடையிலுள்ள எல்லா வேற்றுமைகளும் சிங்கவரத்தில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக்கின் முன் ஒழிந்துபோகின்றன. 800 வோல்ட் கட்டமைப்பு உள்ள அயோனிக் 5, 350 கிலோவாட் சார்ஜரில் செருகினால் 18 நிமிடத்தில் பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏறிவிடும். கிரைண்டர் பிளக்கில் செருகினால் அதுவும் கிரைண்டர்தான். 230 வோல்ட், 13 ஆம்பியர், பெருக்கினால் மூன்று கிலோவாட். அயோனிக்கை முழுதாக நிரப்ப 24 மணி நேரம், ஐ4-க்கு 27, இ.க்யூ.எஸ்-க்கு 36. சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஆம்பியர் அதேதான், வாட் குறைந்துவிடும். 36 மணி 46 ஆகும். விலை ஏற ஏற வண்டி அசையாமல் கிடக்கும் நேரமும் ஏறுகிறது என்பது இதன் துணைத் தேற்றம். ஒன்றரைக் கோடிக் காரை ஒரு தடவை நிரப்பினால், வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கென்று அரசு தரும் இலவச 100 யூனிட்டும் அதோடு சரி. (காண்க: திண்ணைக் கோவை, கிழக்கு மூலை.)

நிலத்தியல்

சென்னை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மேற்சொன்ன எந்த வண்டியும் போய்த் திரும்பும். அப்படியிருக்க ஊரில் சார்ஜ் போட வேண்டிய அவசியம் என்ன என்று புறத்தேர்வாளர் கேட்கலாம். அவருக்கு எங்கள் பெரியம்மாவின் கூற்றே விடை: "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்குது, ஒண்ணும் போடாமயா அனுப்புவாங்க?"

ஆனால் போட முடிந்ததா என்பதில்தான் நிலத்தியல் நுழைகிறது. மின்காரின் சார்ஜர், எர்த் சரியில்லாத வீட்டில் ஒரு சொட்டுக் கரண்டும் எடுக்காது; சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். மிக்சிக்கு, ஃபிரிட்ஜுக்கு, டிவிக்கு இந்த வைராக்கியம் கிடையாது. நல்ல எர்த் என்றால் ஆழக் குழி வெட்டி, இரும்புக் குழாய் இறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் காக்க வேண்டும். செஞ்சி வட்டாரத்திலோ இரண்டடி தோண்டினால் பாறை. அந்தப் பாறையை நம்பித்தான் மராட்டிய ராஜாராமின் கோட்டை 1698 வரை எட்டு வருஷம் மொகலாய முற்றுகையைத் தாங்கியது. எதிரியை உள்ளே விடாத பாறை கசிவு மின்சாரத்தையும் உள்ளே விடுவதில்லை.

அண்ணன் மருமகன் வண்டியோடு வந்த பொங்கலன்று நிகழ்ந்ததைத் தரவாகப் பதிவு செய்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் செயலியைத் திறந்தார், கையேட்டைத் திறந்தார், பெங்களூருக்குப் போன் போட்டார். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க போய் சாப்புடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, கொல்லைப்புறம் எர்த் பைப்பைச் சுற்றிக் குவிந்திருந்த தேங்காய் மட்டையை ஒதுக்கி, இரண்டு குடம் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டார். விளக்கு பச்சையானது. கையேட்டில் இந்த முறை இல்லை. (காண்க: மேற்படி கோவை, கிழக்கு மூலைப் பாடம். மேற்கு மூலைப் பாடத்தில் 'ஒரு கைப்பிடி' என்பதற்கு 'ஒரு படி' என்று காண்கிறது. அப்பாடம் சொன்னவர் அன்று ஊரிலேயே இல்லை.)

வேகத்தடை பற்றி: இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். நம் வேகத்தடைகள் விதி வருவதற்கு முந்திய பெருங்கற்காலத்தைச் சேர்ந்தவை.

உயிர்நிலைச் சிக்கல்

இப்போது ஆய்வின் தலையாய பகுதிக்கு வருகிறோம். ஆயுதபூஜையன்று பொட்டு எங்கே வைப்பது?

பெட்ரோல் வண்டியில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. பானட்டைத் தூக்கு, எஞ்சினில் சந்தனம் குங்குமம் வை, கற்பூரம் காட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வை, ஏற்று, முடிந்தது. (எலுமிச்சை குறித்து: இரண்டு டன் எடைக்கும் நசுங்கியது, மேலாய்வு தேவையில்லை.) அயோனிக்கின் பானட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டி; அதில் டிபன் கேரியர் வைக்கலாம், தெய்வத்தை வைக்க முடியாது. இ.க்யூ.எஸ்-இல் நிலைமை இன்னும் கடினம். வண்டிக்காரர் திறக்கவே கூடாது என்று பானட்டைப் பூட்டித்தான் தருகிறார்கள்; கண்ணாடி துடைக்கிற தண்ணீர் ஊற்றப் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி மட்டும் உண்டு. கர்ப்பகிரகம் சாத்தியிருக்க, கோமுகம் மட்டும் திறந்திருக்கும் கோயில் இது ஒன்றே.

இதனால் நான்கு பிரிவினர் தோன்றினர். பானட்வாதிகள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது பக்திக்கு அழகல்ல, வழக்கமான இடத்தில் வை என்பார்கள். அடிவயிற்றுவாதிகள், பேட்டரிதான் உயிர், அது தரைத்தட்டின் கீழே முழுநீளத்துக்குக் கிடக்கிறது, ஆகவே படுத்து உள்ளே போய் வைக்க வேண்டும் என்பார்கள். இப்பிரிவில் பெரும்பாலோர் ஒல்லியானவர்கள். அச்சுவாதிகளோ, ஓட்டுவது மோட்டார், அயோனிக்கிலும் ஐ4-இலும் அது பின்னச்சில் இருக்கிறது, எனவே பின்பக்கம் வை என்பவர்கள். இ.க்யூ.எஸ் 580-க்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார் என்ற செய்தி வந்த அன்று இவர்கள் முன்கலை, பின்கலை என்று இரண்டாகப் பிரிந்தார்கள். கோயில் யானைக்கு எந்த நாமம் என்று காஞ்சிபுரத்தில் கோர்ட் வரை போன நாட்டில் இது எதிர்பார்க்கத்தக்கதே. நான்காவது, சாவிவாதிகள்: சாவியில் பொட்டு வைத்து முடித்துவிட்டு வடை சாப்பிடப் போனவர்கள். இவர்களை ஆய்வுலகம் பொருட்படுத்துவதில்லை.

அடிவயிற்றுவாதத்தின் ஆதி நூல் டீக்கடைப் பெஞ்சுக் கோவை என்பது யாவரும் அறிந்ததே. அதன் சுவரோரப் பிரதியில் 'கீழே வை' என்ற பாடம் இருக்கிறது. சாலையோரப் பிரதியில் பஜ்ஜி எண்ணெய் பட்டு ஒரு சொல் சிதைந்து, 'கிளாஸைக் கீழே வை' என்று படிக்கவும் இடம் தருகிறது. அப்படியானால் அது காரைப் பற்றியதே அல்ல, டீ கிளாஸைப் பற்றியது என்று ஒருவர் மறுத்தார். மறுப்புக்கு மறுப்பெழுதிய அவர் மைத்துனர், மூலப் பிரதியைத் தாம் பார்த்ததில்லை என்றும், ஆனால் பார்த்தவரின் மேற்கோளைக் காட்டிய ஒருவரின் அடிக்குறிப்பைத் தாம் பார்த்திருப்பதாகவும், ஆகவே ஐயத்துக்கு இடமில்லை என்றும் முடித்தார். இம்முறையில் எழுதப்பட்ட இலக்கிய வரலாறுகளை நாம் பாடமாகவே படித்திருக்கிறோம். தேர்வும் எழுதித் தேறியிருக்கிறோம்.

சிக்கலை அவிழ்த்தது நூலல்ல, ஒரு விபரீதம். ஊருக்கு வந்த ஒரு மின்கார் (இனம் சொல்லல் ஆய்வு நெறியன்று) நெடுநாள் நின்ற இடத்திலேயே நின்றபின் திறக்க மறுத்தது. கைப்பிடிகள் கதவுக்குள் பதுங்கிக்கொண்டு வெளியே வரவில்லை. பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. செத்திருந்தது இன்னொன்று: வேறெந்தக் காரிலும் இருப்பது போன்ற பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரி. கதவு, திரை, கணினி எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அதற்கும் மேலே, பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கனமான சுவிட்சுகளை மூடிப் பிடிப்பதே அந்தச் சின்னதன் கரண்டுதான். அது செத்தால் எத்தனை கிலோவாட் மணி இருந்தும் வண்டி கல். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதைதான். இங்கே கிளியின் விலை சில ஆயிரம்.

ஆக, பொட்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கே உரியது என்பது இவ்வாய்வின் முடிபு. செஞ்சியிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி, பக்கத்து டிராக்டரிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து அந்தக் கிளிக்கு உயிர் கொடுத்தான். கோடிக்கணக்கில் ஆராய்ச்சி செய்து வந்த வண்டியை, உழவுக்குப் போய்விட்டு வந்து சேறு காயாமல் நின்ற டிராக்டர் எழுப்பியது. நான்கு பிரிவினரும் நேரில் பார்த்தார்கள். ஒருவரும் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆய்வாளருக்கு வேண்டிய அடிப்படைப் பண்பு அவர்களிடம் இருக்கிறது.

விலங்கியல்

சத்தமில்லாத வண்டிக்கு ஆடு நகராது. கோட்டைக் குரங்கு, கண்ணாடிக் கூரையைத் தனக்காகக் கட்டியது என்று கொள்ளும்.

பயன்பாட்டியல்

கோட்டைக்குள் இன்னும் நிற்கும் குதிரை லாயமே இவ்வட்டாரத்தின் முதல் சார்ஜிங் நிலையம் என்று கூற எவ்விதத் தடையும் இல்லை. கொள்ளு போட்டால் ஏறும், எர்த் கேட்காது.

மூன்று கார்களில் எது சிறந்தது என்று இவ்வளவு நேரம் சொல்லாதது ஏன் என்று வாசகர் கேட்பது புரிகிறது. சிங்கவரத்து அளவுகோலில் அயோனிக் 5 வெல்கிறது. காரணம் வேகமோ இருக்கையோ அல்ல. அந்த வண்டியிலிருந்து 3.6 கிலோவாட் வரை கரண்டு வெளியே எடுக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று காலையில் ஊறவைத்த அரிசியும் உளுந்தும் புளிக்காமல் ஆட்டி முடிக்கப்பட்டன. தெருக்கூத்து நடக்கும் இரவில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் துரியோதனன் விடியும்வரை வெளிச்சத்தில் நின்று ஆடலாம். மற்ற இரண்டும் கரண்டை வாங்கிக்கொள்ள மட்டும் தெரிந்தவை. பெரியம்மா இதை ஒரே சொல்லில் தீர்த்தார்: "இது குடுக்குது."

கடைசியாக, களப்பணியில் தீராத ஒரு சிக்கல். பதினைந்து ஆம்பியரில் காத்திருக்க நேரமில்லாத ஒரு விருந்தாளிக்கு மூன்று பேஸ் கரண்டு தேவைப்பட்டது. ஊரில் அது இருப்பது மாவு மில்லில். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, பதினோரு கிலோவாட்டில் போட்டால் பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று விளக்கினார். மில்காரர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு யூனிட் கணக்கு பழக்கமில்லை, கிலோ கணக்குதான்.

"வண்டி எத்தினி கிலோ சார்?"

இரண்டரை டன் இருக்கும் என்றார் விருந்தாளி. மில்காரர் சுண்ணாம்பால் சுவரில் பெருக்கிப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "அரிசி ரேட்டு போடறதா, மெளகா ரேட்டா?" என்றார். இவ்வினாவுக்கான விடை இரண்டாம் தொகுதியில்.