பைலட் அப்பா

இவரை உங்களுக்குத் தெரியும். மகன் பைலட் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பான். வேலை தேடும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டிருப்பார். பாரிவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒருவர் வாய்த்திருக்கிறார்.

நான் மீனம்பாக்கத்தில் சரக்குப் பிரிவில் பெட்டிகளுக்கு ரசீது போட்டு ஓய்வு பெற்றவன். விமானத்துக்கும் எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். ஆனால் பைலட் அப்பாவுக்கு நான் ‘ஏர்போர்ட்ல இருந்த சார்’. அதனால் எங்கே எந்த வேலைவாய்ப்பு முகாம் என்றாலும், காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு கேட் சத்தம் போடும். பால்காரர்கூட ஆறரைக்குத்தான் வருவார்.

“பைலட்டுங்களுக்குன்னே தனியா ஒரு ஜாப் ஃபேர் போடறாங்களாம். போனா பிரயோஜனம் இருக்குமா சார்?”

போகலாம் என்று சொன்னால், “போய் என்ன சார் பண்றது? எல்லாம் கண்துடைப்பு” என்பார். போக வேண்டாம் என்றால், “போகாமயே எப்படி சார் சொல்றீங்க?” என்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினால், சாயங்காலம் வந்து யோசித்தாயிற்றா என்று கேட்பார்.

என்னோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. அயர்ன்காரரிடம் கேட்பார். அடுக்குமாடி வாட்ச்மேனிடம் கேட்பார். பூந்தமல்லிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், பக்கத்தில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பார். பாரிவாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தால் பக்கத்து பைக்கில் நிற்பவர் தப்ப முடியாது. ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் தொகுத்து, நுழைவுக் கட்டணம், பார்க்கிங் செலவு, மத்தியானச் சாப்பாடு அவர்கள் போடுவார்களா நாம் கட்டிக்கொண்டு போக வேண்டுமா என்ற வரைக்கும் தீர விசாரித்து ஒரு முடிவுக்கு வரும்போது, முகாம் முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள். “நல்லவேளை போகல சார்” என்று அதற்கும் ஒருநாள் காலையில் கேட்டைத் தட்டுவார்.

ஒரே ஒருமுறை, யாரையும் கேட்காமல் போனார். அரசாங்கம் நடத்தும் தனியார் துறை முகாம். கட்டணம் கிடையாது என்பதால் விசாரிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. மகனுக்குக் கோட்டு மாட்டி அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் வரிசையாக மேசை போட்டிருந்தார்களாம். ஒரு மேசையில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, “கமர்ஷியல் லைசென்ஸா? ஹெவியா லைட்டா?” என்று கேட்டிருக்கிறாள். இவர் முந்திக்கொண்டு, “ரெண்டு இன்ஜினும்மா” என்றிருக்கிறார். அந்தப் பெண் யோசித்துவிட்டு டிரெய்லர் டிரைவர் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டாளாம். பையன் அன்றைக்கு அவிழ்த்த கோட்டை அடுத்த ஒரு மாதம் தொடவில்லை.

கோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்திய விமானத் துறையின் நிலவரத்தை நான் பேப்பரில் படிப்பதில்லை; அவர்கள் மாடிக் கொடியைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் என்று அறிவித்தது. கோட்டு வெயிலுக்கு வந்தது. மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. கோட்டு பீரோவுக்குள் போனது. ஜூனில் இண்டிகோ 500 விமானம் என்றது. மறுபடியும் கொடியில் கோட்டு. மூடிப்போன கம்பெனிகளை இவர் அறுபத்துமூவர் பெயரைச் சொல்வதுபோல மூச்சுவிடாமல் சொல்லுவார்: நம்மூர் என்.இ.பி.சி., பாரமவுண்ட், கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ்.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது கேட் ஐந்தரைக்கே ஆடியது. பைலட்டுகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிப் புது விதி வந்திருந்தது. அதற்குத் தக்க ஆள் போதவில்லை. “பைலட் இல்லாம ஃப்ளைட் நிக்குதாம். என் வீட்ல ஒருத்தன் சும்மா படுத்திருக்கான். நாம நேரா ஏர்போர்ட்டுக்கே போனா என்ன சார்?”

இல்லாதது உங்கள் மகன் மாதிரிப் பைலட் இல்லை சார் என்று அரைத்தூக்கத்தில் விளக்கினேன். அவனிடம் இருப்பது லைசென்ஸுக்குத் தேவையான 200 மணி நேரப் பறப்பு. கம்பெனிகள் அலைந்து தேடுவது அந்தந்த ரக விமானத்தில் பழகிய ஆட்களை, அதிலும் கேப்டன்களை. கேப்டன் ஆவதற்கான பெரிய லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அமெரிக்காவில் ஜாப் ஃபேர்களுக்கு விமானக் கம்பெனிகளே வந்து மேசை போடுகின்றன என்றால், அங்கே 2013க்குப் பிறகு பெரிய கம்பெனியில் துணைப் பைலட்டாகச் சேரவே பொதுவாக அந்த 1,500 மணி நேரம் வேண்டும். பல பேர் அதோடுதான் வந்து நிற்கிறார்கள். இங்கே கம்பெனியின் வலைத்தளத்தில் விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, மனநிலைத் தேர்வு, சிமுலேட்டர், நேர்காணல் என்றுதான் வழி. ஹோட்டல் ஹாலில் காபி குடித்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு திரும்பிய பையனை நான் பார்த்ததில்லை.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “அப்போ ஸ்டால் போட்டிருக்கிறவன் நமக்குச் சம்பளம் குடுக்க வரல. நம்மகிட்ட ஃபீஸ் வாங்க வந்திருக்கான்.”

அதுதான் விஷயம். அயர்ன்காரரையும் வாழைத்தார்க்காரரையும் கேட்டுச் சலித்த மனுஷன், அந்த ஹால்களைப் பற்றி ஒரே வரியில் சரியாகச் சொல்லிவிட்டார். பறக்கும் பயிற்சிப் பள்ளிகள், குறிப்பிட்ட ரக விமானத்துக்குப் பயிற்சி கொடுத்து இன்னும் பல லட்சம் கேட்பவர்கள், அதற்குக் கடன் கொடுக்கும் வங்கி. பாதி மேசைகளில் இவர்கள்தான். பிளஸ் டூ முடித்த பையனுக்கு அது விசாரிக்க நல்ல இடம். ஏற்கெனவே அரைக் கோடிக்கு மேல் கொட்டியவருக்கு அங்கே என்ன வேலை?

அந்த அரைக் கோடி எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னதில்லை. அவுட்டர் ரிங் ரோடு பக்கம் இருந்த நிலத்தைப் பற்றி முன்பெல்லாம் பேசுவார், இப்போது பேசுவதில்லை. வேலை வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் மெடிக்கல் பார்க்க வேண்டும், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கெல்லாம் மறுபடியும் பணம். இது தெரிந்ததால்தான் நான் ஆறு மணிக்கு கேட்டைத் திறக்கிறேன். வீட்டில் என் மனைவிக்கு இந்த நியாயம் ஒப்பவில்லை.

ஆனால் எனக்கும் ஒரு ஆத்திரம் உண்டு. ஊரையெல்லாம் கேட்டவர், இந்த விஷயத்தில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே ஆளை மட்டும் கேட்டதில்லை. “அவனுக்கு என்ன சார் தெரியும், சின்னப் பையன்.” அந்தச் சின்னப் பையனை நம்பி நாளைக்கு நூற்றெண்பது பேர் ஏறி உட்காரப்போகிறார்கள்.

போன வாரம் அவனே வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தயங்கி நின்றான்.

“அங்கிள், நான் ஆன்லைன்ல அப்ளை பண்ணியிருந்தேன். எக்ஸாமுக்குக் கூப்பிட்டிருக்காங்க. வியாழக்கிழமை.”

“ரொம்ப சந்தோஷம். அப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னா விசாரிக்க ஆரம்பிச்சிடுவாரு அங்கிள்.”

செவ்வாய்க்கிழமை காலை கேட் ஆடியது. கையில் செல்போன். பெங்களூருவில் ஏதோ ஒரு ஃபேராம். போனால் பிரயோஜனம் இருக்குமா என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன்.

“லேசுப்பட்ட விஷயம் இல்ல சார். நல்லா நாலு இடத்துல கேளுங்க. பருத்திப்பட்டுல யாராவது இருப்பாங்க. ஆவடில கேளுங்க. முடிஞ்சா நசரத்பேட்டை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. அவசரமே இல்ல, வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க.”